பாய்லருக்குப் போகாத தாள்கள்

போன வாரம் நம் எஸ்டேட் லயத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய புகைப்படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். பங்களா முற்றத்தில் எடுத்தது. காகித நட்சத்திரம் தொங்குகிறது. நாம் எட்டுப் பேர் கம்பளித் தொப்பியோடு வரிசையாக நிற்கிறோம். ஓரத்தில், விறகுக் கட்டையின் மேல் கைவைத்தபடி, ஓர் ஆள் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார். உங்களில் ஒருவர் கீழே எழுதினார்: "ஓரத்துல நிக்கது நம்ம காகிதக் கள்ளன்லா?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டேன். போட்டுவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. அந்த ஆளுக்கு நாம் வைத்த பெயர் மட்டும் இன்னும் சின்னப் பிள்ளைகள் கத்துகிற மாதிரியே இருக்கிறது. அவர் எதையும் எடுக்கவில்லை. எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் அது. மார்கழிப் பனி மாட்டுப்பட்டி அணைக்கரையில் உப்புக் கொட்டியதுபோல் புல்லின் மேல் உறைந்து கிடந்தது. காலையில் அதன்மேல் நடந்தால் செருப்புக்கடியில் நொறுங்கும். அந்தச் சத்தத்துக்காகவே நாம் பாதையை விட்டுப் புல்லில் நடந்தோம். எஸ்டேட்டின் பழைய பங்களாவை அப்போதுதான் டூரிஸ்ட்டுகளுக்குத் திறந்திருந்தார்கள். என் அம்மாவுக்கு அங்கே அறை துடைக்கிற வேலை கிடைத்தது. நிரந்தரமில்லை. சீசன் முடிகிறவரை குறைச்சல் இல்லாமல் பார்த்தால் நிரந்தரம் என்று மானேஜர் சொல்லியிருந்தார். பதினாறு வருடம் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிய கால் அம்மாவுடையது. இரண்டு முட்டியும் வீங்கி, படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவாள். அந்த வேலை போனால் மறுபடி சரிவுதான். ஏறவும் முடியாது, ஏறாவிட்டால் பேர் வெட்டுவார்கள், பேர் வெட்டினால் லயத்து வீடும் நமக்கில்லை. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பங்களாவில் ஒரு சட்டம் இருந்தது. அறைக் குப்பையில் காகிதம் எதுவானாலும் பின்பக்கம் இருக்கிற நீலத் தகர டின்னில் போட வேண்டும். பாய்லர்க்காரர் அதை எடுத்து வெந்நீர் அடுப்பில் எரிப்பார். விருந்தாளிகளின் ஒரு துண்டுக் காகிதம்கூட கேட்டைத் தாண்டக் கூடாது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனாலேயே எழுத்தின் மேல் அவளுக்குப் பயம் அதிகம். அச்சடித்த காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கடையில் பொட்டலம் கட்டித் தந்த தாளைக்கூட நீவி மடித்து அரிசி டப்பாவுக்கடியில் வைப்பாள். நம் லயத்தில் பல அம்மாக்கள் அப்படித்தான். என் அம்மா ஒரு படி மேலே போனாள். எழுத்து இருக்கிற தாளைத் தீயில் போட அவளுக்குக் கை வரவில்லை. மற்ற பெண்கள் டின்னில் கொட்டியபோது அவள் எழுதிய தாளை மட்டும் பிரித்து, சோற்றுத் தூக்கின் அடித்தட்டில் சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எனக்காக. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கையெழுத்து மட்டும் பழகியவர், அம்மா அதுவும் இல்லை. சாக்லேட் உறை, மருந்துச் சீட்டு, சோப்பு அட்டை என்று எத்தனையோ வந்தது. ஒரே மருந்தை ஏழு பாஷையில் எழுதியிருப்பார்கள். நான் அதை மஞ்சள் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தேன். அந்த டின்னை நீங்கள் யாரும் தொட நான் விட்டதில்லை, ஞாபகம் இருக்கிறதா? உங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு இன்றும் முழுதாகப் போகவில்லை.

அப்போதுதான் மதாம்மா வந்தாள். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். எந்த நாடு என்று நமக்குத் தெரியாது. வெள்ளைக்காரி என்றால் நமக்கு லண்டன்தான். மூன்று வாரம் தங்கினாள். மற்றவர்களைப்போல் படகில் போகவில்லை, யானை பார்க்கப் போகவில்லை. கொழுந்து கிள்ளும் இடத்துக்கு வந்து, பாறையைக் காட்டி இது என்ன என்று சைகையில் கேட்டாள். மலையைக் காட்டினாள், இலையைக் காட்டினாள், தன் கையைக் காட்டினாள். சொல்வதையெல்லாம் கெட்டியான வெள்ளைத் தாளில் பச்சை மையால் எழுதிக்கொண்டாள்.

லயமே முழித்துக்கொண்டது. லயங்களை இடித்து ஓட்டல் கட்டப் போகிறார்கள் என்று அந்த வருடம் பேச்சு இருந்தது. அப்பா சாயங்காலம் டீக் கிளாஸை வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இன்னைக்கு மலைக்குப் பேரு கேக்கா, பாறைக்குப் பேரு கேக்கா. நாளைக்கு வெல கேப்பா. சும்மாவா ஒருத்தி எழுதிக்கிட்டுத் திரிவா?"

அதன் பிறகு பெண்கள் அவளுக்கு வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் 'நட' என்று சொல்லி அர்த்தம் கேட்டால், உட்கார்ந்து காட்டினார்கள். 'மணி' என்று கேட்டால் சுவரைத் தொட்டார்கள். அவள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி எழுதிக்கொண்டு போனாள். அவள் முதுகு திரும்பியதும் சரிவு முழுக்கச் சிரிப்பு ஓடும். நாமும் சிரித்தோம்.

பாய்லர்க்காரர் மட்டும் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். அதனாலும் அவர்மேல் சந்தேகம். ஏற்கெனவே அவர் நம் ஆள் இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கஞ்சிக்கோடு தாண்டி ஒரு ஊர். கிணறு வற்றி, இருந்த நிலத்தைக் கைவிட்டுத் தனியாக இங்கே வந்தவர். நமக்கெல்லாம் பேச்சு திருநெல்வேலி, மதுரை என்றால், அவர் வாயைத் திறந்தால் "ஏனுங்க", "ஊட்டுக்குப் போறனுங்க" என்பார். மூன்று வயதுப் பிள்ளையிடமும் 'ங்க' போட்டுப் பேசுகிறவன் நிஜமாகவே நல்லவனாக இருக்க முடியாது என்று லயத்தில் பெரியவர்கள் நம்பினார்கள். இவ்வளவு மரியாதை எதையோ மறைக்கத்தான் என்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா தூக்கின் அடித்தட்டைத் திறந்தபோது, உள்ளே பச்சை மை.

ஒரு கட்டு. அஞ்சலட்டை அளவுத் தாள்கள், ஓரம் மடங்காதவை. அறையில் மேஜைப் பக்கத்தில் இருந்த கூடையில் கிடந்தது என்றாள். நான் முதல் தாளை எடுத்தேன். மேலே பெரிய ஆங்கில எழுத்தில் 'சோல்' என்று வாசிக்கிற மாதிரி ஒரு சொல். கீழே, ஸ்பானிஷ்: சூரியன். அதற்கும் கீழே, தமிழ்: சொல். அடுத்த தாள் 'மாணி' போலிருந்தது. இத்தாலியனில் கைகள், தமிழில் மணி. அடுத்தது 'மலா'. ஸ்பானிஷில் கெட்டவள், போர்த்துகீஸில் பெட்டி, செர்பியனில் சின்னவள், மலையாளத்தில் மலை. 'எலா', போர்த்துகீஸில் அவள், நம் ஆட்கள் வாயில் இலை. பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கில அர்த்தங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தேன்.

சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. நம் வாயில் கிடக்கிற சொல் எங்கோ கடலுக்கு அப்பால் வேறு ஆட்கள் வாயில், அதே எழுத்தோடு, வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகளா? இல்லை, அவர்கள் நம்மிடமிருந்து திருடினார்களா? அப்பாவின் மகள்தானே நான், திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். நம் சொல்லை இவள் எதற்குக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோகிறாள்? அவளுடையதை நாம் எடுத்து வைத்திருக்கிறோம் என்பது அந்த நிமிடம் என் மண்டையில் ஏறவேயில்லை.

மறுநாள் பங்களாவில் ரகளை. அந்தக் கூடை குப்பைக் கூடை என்று மதாம்மாவுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் கூடை வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது என்று மானேஜர் அந்த சீசனுக்குத்தான் புதுப் பிரம்புக் கூடை வாங்கிப் போட்டிருந்தார். பார்க்க அழகாக, சுத்தமாக இருந்ததால் எழுதி முடித்த தாள்களை அதில் அடுக்கியிருக்கிறாள். எத்தனையோ ஊர் சுற்றிச் சேர்த்த தாள்களாம். அவள் வராந்தாவில் உட்கார்ந்து அழுததை நாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். காசு தொலைந்த மாதிரி அழவில்லை. ஆள் செத்துப்போன மாதிரி சத்தமில்லாமல் அழுதாள்.

மானேஜர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா சொன்னாள்: "டின்னுல போட்டுட்டேன் சார்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. சட்டப்படி அவள் செய்ய வேண்டியதைச் செய்ததாகச் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. மானேஜர் பாய்லர்க்காரரிடம் போனார். எரித்தாயா என்று கேட்டார். அவர் யோசிக்கவேயில்லை.

"இல்லீங்க சார். அன்னைக்கு டின்னுல அந்தக் காகிதம் வரவே இல்லீங்க. வந்திருந்தா கண்ணுல பட்டிருக்குமுங்க."

ஒருவர் பேச்சுக்கு எதிராக இன்னொருவர் பேச்சு. லயம் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்க வேண்டுமா? அவன் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான், வெள்ளைக்காரி அழுது முடித்து இனாம் தருவதாகச் சொன்னதும் எடுத்து நீட்டுவான் என்று உங்கள் அப்பாக்களும் என் அப்பாவும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மேல் கற்பூரமர விறகின் புகை வாசம்.

"ஏட்டி, அதை நீயே அடுப்புல போட்டுரு. என்னால ஆவாது. நான் வெளிய போய் நிக்கேன், நீ போடு."

அவள் வெளியே போனாள். நான் அடுப்பில் பழைய நோட்டுத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். தீ எழுந்ததைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். கட்டு என் பிஸ்கட் டின்னில் இருந்தது.

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் உடனே கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவு. காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டர் ஷெட்டுக்குப் பின்னால், வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து மூன்று நாள் எல்லாத் தாளையும் என் நோட்டில் எழுதி எடுத்தேன். நீங்கள் கூப்பிட்டபோது வயிற்றுவலி என்றேன். எழுதும்போது தப்புகள் கண்ணில் பட்டன. 'நடா' என்ற தாளில், ஸ்பானிஷ்: ஒன்றுமில்லை. தமிழ்: உட்கார். மணி என்ற இடத்தில் சுவர் என்றும் ஒரு குறிப்பு. சரிவில் பெண்கள் செய்த வேலை. எனக்குப் பொறுக்கவில்லை. தமிழைத் தப்பாக ஒருத்தி கொண்டுபோவதா? பென்சிலால் 'உட்கார்' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் நட என்று தமிழில் எழுதினேன். நடக்கிற ஆள் ஒன்றையும் வரைந்தேன், என் நோட்டிலும் அப்படியே. அப்படி ஏழெட்டுத் தாள்களைத் திருத்தினேன். ஒரு வெள்ளைக்காரியின் தாளில் திருத்தம் போடுகிறவள் இந்த லயத்தில் என்னைத் தவிர யார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் பங்களாவுக்குப் போனேன். பாய்லர் பக்கம் ஆள் இல்லை. விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாக்கு கிடந்தது. தாள்கட்டை அதன் அடியில் செருகினேன். நிமிர்ந்தபோது அவர் தோளில் விறகோடு மூலை திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"ஏனம்முணி, குளுருதா? இப்படி வந்து காயி."

நான் போய் அவர் அடுப்பில் கை காய்ச்சினேன். இரண்டு கையையும் நீட்டி, உள்ளும் புறமும் திருப்பி. அவர் ஒரு மரவள்ளிக் கிழங்கைச் சாம்பலிலிருந்து தள்ளி எடுத்து, ஊதி, பாதியை எனக்குத் தந்தார். தின்றேன்.

மறுநாள் காலை அவர்தான் அதைக் கண்டெடுத்தார். கண்டெடுத்ததும் மறைக்கவில்லை. கரிக் கையோடு, தாள்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே ஓடினார். பாய்லர்க்காரர் முன்வாசல் வழியாகப் போகக் கூடாது என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது. "கெடச்சிருச்சுங்க, கெடச்சிருச்சுங்கம்மா" என்று அவர் சொன்னது வேலிவரை கேட்டது. மதாம்மா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அன்று மத்தியானம்தான் யாரோ ஒரு விருந்தாளி நம்மை முற்றத்துக்குள் கூப்பிட்டு நிறுத்தி அந்தப் புகைப்படத்தை எடுத்தார். நாம் நட்சத்திரத்துக்குக் கீழே நிற்கிறோம். அவர் முகத்தில் பாதிதான் விழுந்திருக்கிறது. அந்தப் பாதியில் சிரிப்பு இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

கட்டு கிடைத்தபோது மானேஜர் மதாம்மா முன்னால் ஒன்றும் பேசவில்லை. எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார். விறகுக்குப் பின்னால் என்றார் அவர். மதாம்மா தாள்களைப் புரட்டி, பென்சில் திருத்தத்தைக் கண்டு, யார் யார் என்று கேட்டாள். மானேஜர் தோளைக் குலுக்கினார். அம்மா துடைப்பத்தோடு அங்கேயே நின்றாள். மதாம்மா நடக்கிற ஆள் இருந்த தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். அம்மா அதைப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பெருக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்து மதாம்மாவின் ஜீப் போனதும் மானேஜர் பாய்லர்க்காரரை முற்றத்தில் நிற்க வைத்தார்.

"எடோ, டின்னுல வரலேன்னு பறஞ்சது நீதானே? பின்ன அது விறகுக்குப் பின்னாடி நடந்து போச்சா?"

"சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க சார். அதுல பென்சில்ல வேற எழுதியிருக்குதுன்னாங்க. எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுங்க, ரேகைதானுங்க வெக்கறேன். நீங்கதான் பாத்திருக்கீங்களே."

மானேஜர் பார்த்திருக்கிறார். மாதாமாதம் அந்தக் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவரே அவர்தான். ஆனாலும், யாரையாவது வைத்து எழுதியிருப்பாய் என்று முடித்துவிட்டார். ஏன் எழுத வேண்டும், எதற்காகத் திருத்த வேண்டும் என்று அங்கே நின்ற ஒரு பெரிய ஆளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கள்ளன் யார் என்று முதலிலேயே முடிவாகியிருந்தது.

அவர் அப்போது ஒருமுறை வேலிப் பக்கம் திரும்பினார். நாம் எல்லோரும் நின்றோம். என்னைப் பார்த்தாரா, நம் எல்லோரையும் பார்த்தாரா, வேலியைப் பார்த்தாரா? முந்தைய நாள்களில் நான் சாக்கைத் தூக்கியதை அவர் பார்த்திருந்தாரா? இருபது வருடமாக இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போடுகிறேன். மறுநாள் அவர் தகரப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது உங்களில் ஒருவன் "காகிதக் கள்ளன்" என்று கத்தினான். எல்லோரும் சேர்ந்துகொண்டோம். என் குரலும் அதில் இருந்தது.

ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அவர்மேல் பழி விழும் என்று தெரிந்திருக்காது என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இப்போது எனக்கு என் மேலேயே சந்தேகம். அறை வாசலில் வைத்திருக்கலாம், தோட்டத்தில் போட்டிருக்கலாம். விறகுக்குப் பின்னால் ஏன் வைத்தேன்? அம்மா டின்னில் போட்டதாகச் சொன்னது உண்மையாக வேண்டும் என்றுதானே? கணக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

பங்குனியில் அம்மாவுக்கு வேலை நிரந்தரமானது. அந்தச் சம்பளத்தில்தான் நான் ஹாஸ்டலுக்குப் போனேன், கல்லூரிக்குப் போனேன். இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில், வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளின் லேபிள்களைச் சரிபார்க்கிறேன். ஆறு பாஷையில் தப்புப் பிடிப்பதுதான் வேலை. அந்தச் சொற்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். சோல் லத்தீனிலிருந்து வந்தது, நம் சொல்லுக்கு அதோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஸ்பானிஷ்காரர்களின் அந்த 'ஒன்றுமில்லை', பிறந்தது என்ற அர்த்தமுள்ள ஒரு பழைய சொல்லிலிருந்து தேய்ந்து தேய்ந்து வந்ததாம். யாரும் யாரிடமும் திருடவில்லை. எழுத்து தற்செயலாக ஒத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கஞ்சிக்கோட்டில் டீக்கடையில் நின்றால் சுற்றிலும் "ஏனுங்க", "சொல்லுங்க". ஒவ்வொரு வயதான ஆளின் கட்டைவிரலையும் பார்க்கிறேன். அவர் ஊர்ப் பெயர் எனக்குத் தெரியாது. நம்மில் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இந்த ஞாயிறு அம்மா என்னோடு இருந்தாள். என் பழைய நோட்டு மேஜைமேல் கிடந்தது. புரட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். நட. பக்கத்தில் நடக்கிற ஆள்.

"இது அன்னைக்கு மதாம்மா தூக்கிக் காட்டுனதுல்லா."

எப்போது தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கே தெரியும் என்றாள். வாசிக்கத் தெரியாது, ஆனால் என் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியும், தினமும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் அவளுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். நீங்கள் படிக்கப் போகிறீர்கள், லயத்தில் அவள் இன்னும் நாலு பேர் முகத்தில் முழிக்க வேண்டும், வேண்டாம் என்றால் அவள் வருகிற இடங்களை எடுத்துவிடுகிறேன் என்றேன். அம்மா முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"எடுக்காதட்டி. டின்னுல போட்டேன்னு சொன்னது நானு. அது முதல்ல வரட்டும். நீ அதுக்கப்புறம்."

எங்கே எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அவள் சொன்னதை அப்படியே கடைசியில் வைத்திருக்கிறேன்.